பொதுச்சுவர்ச் சட்டம்: இங்கிலாந்தில் வீட்டைப் பெருப்பிக்கும் முன் அயலவருக்கு எழுத வேண்டிய கடிதம்

லண்டனின் ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், ஹரோ, டூட்டிங் போன்ற பகுதிகளில் பழைய வீடொன்றை வாங்கி, பின்பக்கத்தில் ஓர் அறையை நீட்டவோ கூரைக்குக் கீழே லொஃப்ட் அறை அமைக்கவோ நினைக்கிற ஒருவர் பொதுவாக இரண்டு அனுமதிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார். ஒன்று, கவுன்சில் வழங்கும் திட்டமிடல் அனுமதி. மற்றது, கட்டடத்தின் உறுதி, தீப்பாதுகாப்பு, வெப்பக்காப்பு, வடிகால் முதலியவை ஒழுங்குவிதிகளின்படி அமைந்துள்ளனவா என்று கட்டட ஆய்வாளர் பார்த்துத் தரும் ஒப்புதல். இவை இரண்டுக்கும் தொடர்பில்லாத மூன்றாவது கடமை ஒன்றும் உண்டு. அதைக் கவுன்சில் தருவதுமில்லை, செய்தீர்களா என்று கேட்பதுமில்லை. வேலை தொடங்குவதற்கு முன் பக்கத்து வீட்டின் உரிமையாளருக்கு முறைப்படி எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதே அந்தக் கடமை. 1996ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1997 யூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பொதுச்சுவர்ச் சட்டம் (Party Wall Act) அதை விதிக்கிறது. இந்தச் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே உரியது. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இது செல்லாது.

இந்த மூன்றாவது கடமை பலருடைய கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. தொடர்வீட்டிலோ இரட்டை வீட்டிலோ முன்பு நீட்டிக் கட்டியிராத பின்சுவரிலிருந்து 3 மீற்றர் வரைக்கும் ஒற்றைமாடியாக நீட்டுவதற்கு, உயரம் முதலிய மற்ற வரம்புகளுக்குள் இருந்தால், பெரும்பாலும் திட்டமிடல் விண்ணப்பமே தேவைப்படுவதில்லை. லொஃப்டுக்கும் அப்படித்தான்: தொடர்வீட்டில் கூரையின் கொள்ளளவை 40 கன மீற்றர் வரையும், இரட்டை வீட்டிலும் தனி வீட்டிலும் 50 கன மீற்றர் வரையும் கூட்ட விதிகள் இடமளிக்கின்றன. ‘பிளானிங் தேவையில்லை’ என்று பில்டர் சொல்வது இந்த அளவில் சரியானதே. ஆனால் அதைக் கேட்கிறவர் ‘யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை’ என்று விளங்கிக்கொண்டு விடுகிறார். திட்டமிடல் அனுமதி தேவைப்படாத அந்த 3 மீற்றர் நீட்டிப்புத்தான், அயலவருடைய அத்திவாரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டுவதால், பொதுச்சுவர்ச் சட்டத்துக்குள் மிகச் சாதாரணமாக வந்துவிழும் வேலை.

சட்டம் எதற்காக

இரண்டு குடும்பங்களின் பாரத்தை ஒரே சுவர் தாங்கி நிற்கும் நகரத்தில், அந்தச் சுவரை யார், எவ்வளவு தொடலாம் என்ற கேள்வி பழையது. 1666இல் லண்டனை அழித்த பெருந்தீக்குப் பின் நகரை மீளக் கட்டுவதற்காக இயற்றிய சட்டமே வீடுகள் செங்கல்லாலோ கல்லாலோ எழ வேண்டும் என்றும், இரு வீடுகளுக்கு இடைப்பட்ட சுவர் எப்படி அமைய வேண்டும் என்றும் விதித்தது. பிற்காலத்தில் உள் லண்டனுக்கு மட்டும் 1939ஆம் ஆண்டின் கட்டடச் சட்டத்தில் விரிவான ஏற்பாடுகள் இருந்தன. 1996இன் சட்டம் அவற்றைப் பெரும்பாலும் அப்படியே எடுத்து நாடு முழுவதற்கும் விரித்தது.

இதைத் தடைச்சட்டமாகப் பார்ப்பது தவறு. பொதுவான சட்டத்தின்படி, அரைப்பங்கு உங்களுக்கும் அரைப்பங்கு அயலவருக்கும் சொந்தமான சுவரில், அவருடைய பக்கத்தை அவருடைய சம்மதமின்றித் தொட உங்களுக்கு உரிமை கிடையாது. தொட்டால் அது அத்துமீறல். பொதுச்சுவர்ச் சட்டம் அந்த நிலையை மாற்றுகிறது. முறைப்படி அறிவித்து, சட்டம் சொல்லும் படிகளைக் கடந்தால், சுவரை உயர்த்தவும், வெட்டி ஸ்டீல் பீம் ஏற்றவும், சுவரோடு ஒட்டி உள்ளே துருத்தி நிற்கும் சிம்னிப் பகுதியை அகற்றவும், தேவைப்பட்டால் அயலவரின் காணிக்குள் நின்று வேலை செய்யவும் அது உங்களுக்கு உரிமை தருகிறது. அயலவரால் அந்த வேலையைப் பாதுகாப்பாகவும் நியாயமான முறையிலும் செய்யும்படி கேட்க முடியும். நடக்கவே கூடாது என்று மறிக்க முடியாது. இந்த ஒன்றை இரு தரப்பும் விளங்கிக்கொண்டால் மதிலுக்கு இருபுறமும் எழும் சண்டைகளில் பாதி எழாது என்பது என் எண்ணம்.

எந்த வேலைகளுக்கு அறிவிக்க வேண்டும்

சட்டத்துக்குள் வரும் வேலைகள் மூன்று வகை. முதலாவது, இதுவரை சுவரில்லாத எல்லைக்கோட்டில் புதிதாகச் சுவர் எழுப்புவது. இதற்கு ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். சுவர் எல்லைக்கோட்டின் இருபுறமும் சரிபாதியாக நிற்க வேண்டுமென்றால் அயலவரின் எழுத்துமூலச் சம்மதம் இன்றியமையாதது. அவர் தராவிட்டால் சுவர் முழுவதையும் உங்கள் காணிக்குள்ளேயே எழுப்ப வேண்டும். அப்படி எழுப்பும்போதும், தேவைப்படும் இடத்தில் அத்திவாரத்தின் அடிப்பாகம் மட்டும் அவருடைய நிலத்தின் கீழ் நீளச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் கம்பி போட்ட கொங்கிரீட் அத்திவாரமென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமின்றி அங்கே ஓர் அங்குலமும் செல்லக் கூடாது. கூரையின் மழைநீரை வடிக்கும் பீலி அவருடைய பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பதற்கு இந்தச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லை. வரைபடம் கீறுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் சுவரை எல்லையின் விளிம்பில் வைத்துவிட்டு, பீலிக்கு இடமில்லாமல் கடைசி நேரத்தில் தடுமாறுவதை அடிக்கடி காணலாம்.

இரண்டாவது வகை, ஏற்கெனவே இருக்கும் பொதுச்சுவரில் செய்யும் வேலை. லொஃப்ட் கட்டும்போது புதிய தளத்தைத் தாங்கும் பீம்களின் முனைகளைச் சுவருக்குள் செருகுவதும், முன்பு சொன்ன சிம்னியை எடுப்பதும், சுவரை உயர்த்துவதும், ஈரம் ஏறாமல் தடுக்கும் படலத்தைச் சுவரின் குறுக்கே பதிப்பதும் இதில் அடங்கும். இதற்கு இரண்டு மாத அறிவித்தல் தேவை. எல்லையில் நிற்கும் செங்கல் மதில் இருவருடைய நிலத்திலும் கால் வைத்திருந்தால் அதுவும் இந்த வகையில் சேரும். பலகை வேலி சேராது. மாடிக்குடியிருப்புகளில் மேல்வீட்டின் தரையும் கீழ்வீட்டின் கூரையுமாக உள்ள தளமும் சட்டத்தின் பார்வையில் பொதுவான கட்டமைப்பே என்பதைக் கீழ்மேல் வீடுகளில் இருப்போர் நினைவில் வைத்திருக்க வேண்டும். தட்டு மாட்டுவதற்குத் துளை போடுவது, பூச்சு பூசுவது, மின்கம்பியோ பிளக்கோ மாற்றுவது போன்ற சின்ன வேலைகளுக்கு யாருக்கும் எழுதத் தேவையில்லை.

மூன்றாவது வகைதான் மிகுதியாகக் குழப்புவது: அயலவரின் கட்டடத்துக்கு அருகே தோண்டுவது. இங்கே இரண்டு அளவுகள் உள்ளன. நீங்கள் தோண்டும் இடம் அவருடைய கட்டடத்திலிருந்து 3 மீற்றருக்குள் இருந்து, உங்கள் குழி அவருடைய அத்திவாரத்தின் அடிமட்டத்தைவிட ஆழமாகப் போனால் அறிவிக்க வேண்டும். 6 மீற்றருக்குள் இருந்தால், அவருடைய சுவரின் வெளிமுகத்தில் அத்திவாரத்தின் அடிமட்டத்திலிருந்து உங்கள் பக்கமாக 45 பாகையில் கீழ்நோக்கிச் சாய்ந்து வரும் ஒரு கற்பனைக் கோட்டை உங்கள் குழி வெட்டினால் அறிவிக்க வேண்டும். இரண்டிலும் கால அவகாசம் ஒரு மாதம்.

எண்களில் பார்த்தால் இது எளிது. பக்கத்து வீடு விக்டோரியா காலத்துத் தொடர்வீடு என்றும், அதன் அத்திவாரம் அரை மீற்றர் ஆழத்தில் முடிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் நீட்டிப்பின் சுவர் அதிலிருந்து 2 மீற்றர் தள்ளி நிற்கிறது. அதன் அத்திவாரத்துக்கு 1 மீற்றர் தோண்ட வேண்டும். முதல் அளவின்படியே நீங்கள் அறிவிக்க வேண்டியவராகிவிடுகிறீர்கள். அதே சுவர் 4 மீற்றர் தள்ளி நின்றால், 45 பாகைக் கோடு அந்த இடத்தில் அயலவரின் அத்திவாரத்துக்கு 4 மீற்றர் கீழே, அதாவது நிலமட்டத்திலிருந்து நாலரை மீற்றர் ஆழத்தில் போகும். சாதாரண அத்திவாரம் அந்த ஆழத்தைத் தொடாது, ஆகவே அறிவித்தல் வேண்டாம். ஆனால் நிலக்கீழ் அறை தோண்டினாலோ ஆழமான தூண்களை நிலத்துக்குள் இறக்கினாலோ அந்தக் கோடு வெட்டுப்படலாம். லண்டனின் பெரும்பகுதி களிமண். வறண்ட கோடையில் அது சுருங்கி, மழையில் உப்பி, மேலே நிற்பதை அசைக்கும். பெரிய மரம் அருகில் நின்றால் இன்னும் மோசம். 1976ஆம் ஆண்டின் வறட்சியில் பல வீடுகளின் சுவர்களில் வெடிப்பு விழுந்த பின்னர்தான் அத்திவாரங்களை ஆழமாக்கும் வழக்கம் உறுதிப்பட்டது. இன்றைய குழி பழைய வீட்டின் அத்திவாரத்தைவிட ஆழமாக இருப்பது ஏறக்குறைய எப்போதும் நிகழ்வது. எனவே 3 மீற்றருக்குள் கட்டுகிறவர், தமக்கு இது பொருந்தும் என்ற எண்ணத்திலேயே தொடங்குவது நல்லது.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

அறிவித்தலுக்கென்று அரசின் கட்டாயப் படிவம் எதுவும் இல்லை. வீட்டின் உரிமையாளரே எழுதலாம். ஆனால் சில விவரங்கள் இல்லாவிட்டால் அது செல்லாததாகிவிடும். கட்டுகிறவரின் பெயர், முகவரி, செய்யப்போகும் வேலையின் தன்மை, தொடங்க நினைக்கும் தேதி ஆகியவை வேண்டும். தோண்டும் வேலையென்றால் குழியின் இடத்தையும் ஆழத்தையும் காட்டும் வரைபடமும் குறுக்குவெட்டுப் படமும் இணைக்க வேண்டும். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் சேர்ந்தே அறிவிக்க வேண்டும். ஒருவர் மட்டும் அனுப்பிய கடிதம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. நம் குடும்பங்களில் மகன் நின்று வேலையைப் பார்க்க, வீட்டு உறுதிப்பத்திரம் தகப்பன் பெயரில் இருப்பது சாதாரணம். அப்படியானால் கடிதம் தகப்பன் பெயரில்தான் போக வேண்டும்.

யாருக்கு அனுப்புவது என்பதும் கவனிக்க வேண்டியது. பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. ஓராண்டுக்கு மேற்பட்ட உரிமையுள்ளவர்களே சட்டத்தில் உரிமையாளர். பக்கத்தில் இருப்பது மாடிக்குடியிருப்பு என்றால் நீண்டகாலக் குத்தகைக்காரருக்கும் நிலத்தின் மூல உரிமையாளருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும்; முன்பு கவுன்சில் வீடாக இருந்தவற்றில் அந்த மூல உரிமையாளர் பெரும்பாலும் கவுன்சில்தான். உரிமையாளர் யார் என்று தெரியாவிட்டால், சிறு கட்டணம் செலுத்தி காணிப் பதிவகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். நேரில் கொடுக்கலாம், தபாலில் அனுப்பலாம். பெறுபவர் முன்கூட்டியே இசைந்திருந்தால் 2016 முதல் மின்னஞ்சலும் செல்லும். ஓர் அறிவித்தலின் உயிர் 12 மாதம். அதற்குள் வேலை தொடங்கப்படாவிட்டால் புதிதாக அனுப்ப வேண்டும்.

பதினான்கு நாட்கள்

கடிதம் கிடைத்த அயலவர் 14 நாட்களுக்குள் எழுத்தில் சம்மதம் தந்தால் விடயம் அங்கேயே முடிந்துவிடும். அவர் இசைந்தால் மாதக்கணக்கில் காத்திராமல் முன்னதாகவே தொடங்கவும் செய்யலாம். ‘பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிசன், வாயால சொன்னாப் போதும்’ என்பதை நம் ஆட்கள் அடிக்கடி சொல்வார்கள். சொல்வது நல்லதுதான், முதலில் போய்க் கதவைத் தட்டி, தேநீரோடு வரைபடத்தைக் காட்டிவிட்டுக் கடிதத்தைக் கையில் கொடுப்பதைப் போல் பலன் தரும் முறை வேறில்லை. ஆனால் வாய்ச்சம்மதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. இரண்டாம், மூன்றாம் வகை வேலைகளில் அயலவர் 14 நாட்களுக்குள் பதில் தராமல் இருந்தாலே, அவருக்கு இசைவில்லை, இரு தரப்புக்கும் தகராறு இருக்கிறது என்று சட்டம் கொள்கிறது. அவர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தாலும் அப்படித்தான்.

இங்கே தகராறு என்பது பகைமையைக் குறிப்பதல்ல. அடுத்த படிக்குப் போக வேண்டும் என்பதையே குறிக்கிறது. இரு தரப்பும் சேர்ந்து ஒரே சர்வேயரை நியமிக்கலாம், அல்லது ஆளுக்கொருவரை நியமிக்கலாம். இருவர் இருந்தால், அவர்கள் தம்முள் உடன்பட முடியாத நேரத்துக்காக மூன்றாவது ஒருவரை முன்கூட்டியே தெரிவுசெய்து வைப்பார்கள். அயலவர் யாரையும் நியமிக்க மறுத்தால், எழுத்தில் கேட்டுப் பத்து நாள் பொறுத்த பின் அவருக்காகக் கட்டுகிறவரே ஒருவரை நியமிக்கலாம். வீட்டுக்காரர் தம் வழக்கில் தாமே சர்வேயராக இருக்க முடியாது. சர்வேயர் தம்மை நியமித்தவருடைய வழக்கறிஞர் அல்லர். யார் நியமித்தாலும் சட்டத்தின்படி நடுநிலையோடு தீர்மானிக்க வேண்டியவர். பணம் கொடுக்கிறவனுக்காகப் பேசாத சர்வேயர் மீது கட்டுகிறவர்கள் கோபப்படுவது இதை அறியாததால்தான்.

சர்வேயர்கள் எழுதித் தரும் தீர்மானத்தை ‘அவார்ட்’ என்பார்கள். என்ன வேலை, எந்த முறையில், எந்த நேரங்களில் நடக்கலாம், அயலவரின் காணிக்குள் எப்படி நுழையலாம், செலவை யார் ஏற்பது என்பன அதில் இருக்கும். அதோடு சேரும் ஆவணங்களில் மிகவும் பயனுள்ளது, வேலை தொடங்குமுன் அயலவரின் வீடு இருந்த நிலையைப் படங்களோடு பதிவுசெய்யும் அறிக்கை. பழைய வீட்டில் வெடிப்பு இல்லாத சுவர் அரிது. அந்த வெடிப்பு உங்கள் குழியால் வந்ததா, அவருடைய பாட்டன் காலத்திலேயே இருந்ததா என்ற கேள்விக்கு இந்த அறிக்கையே விடை. எனவே அயலவர் மனமுவந்து சம்மதித்து, சர்வேயரே தேவைப்படாத நிலையிலும், இப்படியொரு பதிவை எடுத்து இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வது கட்டுகிறவருக்கே பெரிய காவல். அவார்டை ஏற்க முடியாதவர் 14 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம்.

செலவைப் பொறுத்தவரை, வேலையால் நன்மை பெறுகிறவர் கட்டுகிறவர் மட்டுமே என்றால் இரு சர்வேயர்களின் கட்டணத்தையும் வழக்கமாக அவரே ஏற்க நேரும். அயலவரின் சர்வேயர் மணிக்கணக்கில் கட்டணம் கேட்பார் என்பதால், இருவருக்கும் பொதுவான ஒரே சர்வேயர் மலிவானவர். வேலையால் அயலவரின் வீட்டுக்குச் சேதம் ஏற்பட்டால் கட்டுகிறவர் திருத்திக் கொடுக்க வேண்டும். அயலவர் விரும்பினால் திருத்துவதற்குப் பதில் பணமாகவும் கேட்கலாம். பெரிய நிலக்கீழ் வேலைகளில், பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது என்ற அச்சத்துக்கு ஈடாக முன்கூட்டியே பிணைப்பணம் வைக்கும்படி கேட்கவும் அயலவருக்கு உரிமை உண்டு.

அறிவிக்காமல் கட்டினால்

அறிவிக்கத் தவறியதற்கென்று சட்டத்தில் தண்டப்பணம் இல்லை. இதைக் கேட்டு நிம்மதி அடைகிறவர்கள் மற்றதையும் கேட்க வேண்டும். அயலவர் நீதிமன்றத்துக்குப் போய் வேலையை நிறுத்தும் தடையுத்தரவு வாங்கலாம். கூரையைப் பிரித்துவிட்ட லொஃப்ட் வேலை நடுவில் நிற்பது எவ்வளவு பணத்தைத் தின்னும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அறிவிக்காதவருக்குச் சட்டம் தரும் உரிமைகளும் பாதுகாப்பும் கிடைக்காது. அவர் பொதுச்சுவரில் செய்தது சாதாரண அத்துமீறலாகவோ தொல்லையாகவோ வழக்காடப்படும். மறுபக்கம், 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு அயலவருக்கும் ஒரு கதவை மூடியது: கட்டுகிறவர் அறிவிக்கவே இல்லையென்றால், அயலவர் தாமாக சர்வேயரை நியமித்து இந்தச் சட்டத்தின் கீழ் அவார்ட் பெற முடியாது, நீதிமன்றமே வழி.

கடிதத்தைப் பெறுகிறவராகவும் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். தபாலில் வந்த கடிதத்தைக் கண்டதும் ‘கையெழுத்துப் போட்டால் காணி போய்விடும்’ என்று அஞ்சி அதைப் பேசாமல் அலுமாரிக்குள் வைப்பவர்கள் உண்டு. சம்மதம் தருவதால் நிலத்தின் உரிமையில் எதுவும் மாறாது. சம்மதித்த பின் சேதம் ஏற்பட்டால் அதற்கு ஈடு கேட்கும் உரிமையும் போகாது. சம்மதிக்கும்போதே, வேலைக்கு முன் வீட்டின் நிலையைப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேட்கலாம். அறிவித்தல் வந்த தெருவில் சர்வேயர் நிறுவனங்களின் விளம்பரக் கடிதங்களும் கூடவே வந்து விழுவது வழக்கம். அவற்றில் ‘உங்களுக்குச் செலவில்லை’ என்றிருக்கும் வரி உண்மையாக இருக்கலாம், ஆனால் அந்தச் செலவு உங்கள் அயலவரின் பையிலிருந்து போகிறது. எளிய நீட்டிப்புக்கு ஒரே சர்வேயரை ஏற்பதில் பெரும்பாலும் இழப்பில்லை. நிலக்கீழ் அறை என்றால் உங்களுக்கென்று ஒருவரை வைப்பதே விவேகம்.

எல்லையில் உங்கள் செலவில் கட்டிய சுவரை, சில ஆண்டுகள் கழித்து அயலவர் தம் நீட்டிப்புக்குப் பக்கச்சுவராகப் பயன்படுத்தினால், அதன் செலவில் உரிய பங்கை அவரிடம் பெறவும் சட்டம் வழி செய்கிறது. அதைக் கேட்பதற்குப் பழைய அறிவித்தல், அவார்ட், கட்டணச் சீட்டு எல்லாம் கையில் இருக்க வேண்டும். வீட்டை விற்கும்போதும் சொலிசிட்டர் அனுப்பும் விவரப் படிவத்தில் இந்தச் சட்டத்தின் கீழ் அறிவித்தல் அனுப்பினீர்களா, பெற்றீர்களா என்ற கேள்வி வரும். அந்தக் காகிதங்களைக் கட்டட ஒழுங்குவிதிகளுக்கான நிறைவுச் சான்றிதழோடு ஒரே கோப்பில் வைத்திருந்தால், வாங்குபவரின் தரப்பிலிருந்து வரும் கேள்விகளுக்கு அன்றே பதில் அனுப்பலாம்.